வெப்பவலுவும் அதன் அலகுகளும்

வெப்பத்தின் அளவு வேறு, வெப்பவலு வேறு. குறித்த நேரத்தில் எவ்வளவு வெப்பம் பெயர்கின்றது என்பதே வலுவாகும். இவ்வேறுபாட்டை மறந்தோர்க்கு அலகுமாற்றம் கைகூடாது.

குளிரூட்டிகளுக்கு வழங்கும் 'தொன்' என்னும் அலகை எடுத்துக்கொள்வோம். அஃது இயந்திரத்தின் நிறையன்று; பனிக்கட்டியாற் குளிரூட்டிய காலத்து வழக்கு. 2,000 இறாத்தல் கொண்ட ஓர் அமெரிக்கத் தொன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுங்கால் வெப்பத்தை உட்கொள்ளும் வீதமே அது. நாம் பண்டு பயின்ற 2,240 இறாத்தற் தொன்னை ஈண்டுக் கொள்ளலாகாது. ஓர் இறாத்தல் உருகுதற்கு 144 பிரித்தானிய வெப்ப அலகு வேண்டும். ஆகவே 2,000ஐ 144ஆற் பெருக்கி 24ஆற் பிரிக்க, மணிக்கு 12,000 அலகு வரும். ஒரு கிலோவாற்று மணிக்கு 3,412 அலகுக்குச் சமம். எனவே ஒரு தொன் ஏறக்குறைய 3.52 கிலோவாற்று.

இதனை மின்செலவென்று கொள்ளுதல் பெரும்பிழை. இஃது அறையினின்று அகற்றப்படும் வெப்பம். உதாரணமாக, இவ்வளவு வெப்பத்தை அகற்ற 1.1 கிலோவாற்று மின்வலு செலவாயின், அகற்றும் வெப்பம் செலவின் 3.2 மடங்காகும். அறையின் குளிர்ச்சி முதலெண்ணைப் பொறுத்தது. மின்கம்பியின் பருமனும் மாதக் கட்டணமும் இரண்டாம் எண்ணைப் பொறுத்தவை. இரண்டும் ஒரே அலகிற் பொறிக்கப்படுதலின் மயக்கம் எளிதில் நேரும்.

ஆதலின் மாணவர்காள், எண்ணை மாற்றுமுன், அவ்வெண் எதனை அளக்கின்றது என்று வினவுமின்.