தேக்கா தெருக்களில் ஒளிந்திருக்கும் போர்க்கப்பல்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தாத்தாவுடன் முஸ்தஃபாவில் மளிகைச் சாமான் வாங்கிவிட்டு, இரு கைகளிலும் பைகளுடன் வெளியே வந்தேன். எம்ஆர்டி நிலையம் பக்கத்தில்தான். ஆனாலும் "கொஞ்சம் நடப்போமே" என்றார் தாத்தா. கிச்சனர் சாலையைத் தாண்டி பீட்டி சாலைக்கு வந்ததும், பெயர்ப் பலகையைக் காட்டிக் கேட்டார்: "பீட்டி யாருன்னு தெரியுமா உனக்கு?"

எனக்குத் தெரியவில்லை. உயர்நிலைப் பள்ளியில் வரலாறு படித்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். இந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை சாப்பிடப் போயிருக்கிறேன். பெயரைப் பற்றி ஒருமுறைகூட யோசித்ததில்லை.

அன்றிரவு தேடிப் பார்த்தேன். பீட்டி முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி. பக்கத்திலேயே இருக்கும் ஸ்டர்டி சாலையும் ஒரு தளபதியின் பெயர்தான். ஜாலான் புசாருக்கு அந்தப் பக்கம், இளையர்கள் காப்பி குடிக்கக் கூடும் டிர்விட் சாலையும் அப்படியே. லாவெண்டர் எம்ஆர்டி நிலையத்துக்கு அருகில் உள்ள ஜெல்லிக்கோ சாலை, அந்தப் போரில் பிரிட்டனின் பெருங்கடற்படையையே நடத்தியவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கிச்சனர் தரைப்படைக்காரர். ஆனால் 1916 ஜூன் 5ஆம் தேதி, 'ஹேம்ப்ஷியர்' என்ற போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கி மூழ்கியபோது கடலில்தான் உயிர்விட்டார்.

ஆக, நாம் புரோட்டா சாப்பிடவும் பூ வாங்கவும் போகும் இடத்தைச் சுற்றி ஒரு கடற்படையே நங்கூரமிட்டிருக்கிறது. அவர்களுக்கும் நமக்கும் என்ன தொடர்பு? நான் நினைத்ததைவிட நிறையவே இருந்தது.

ஒரே நாளில் பழசான கப்பல்கள்

1905 ஏப்ரலில், ரஷ்யாவின் பால்டிக் கடற்படை சிங்கப்பூரைக் கடந்து கிழக்கே சென்றது. மே 27, 28 தேதிகளில் சுஷிமா நீரிணையில் ஜப்பான் அதை ஏறக்குறைய முழுவதுமாக அழித்தது. ஓர் ஆசிய நாடு ஐரோப்பிய வல்லரசு ஒன்றைக் கடலில் வீழ்த்தியது உலகையே திகைக்க வைத்தது. ஜப்பானின் முதன்மைக் கப்பலான 'மிக்காசா' கட்டப்பட்டது பிரிட்டனில் என்பது இங்கே கவனிக்கவேண்டிய செய்தி.

மறு ஆண்டே பிரிட்டன் 'டிரெட்நாட்' கப்பலைக் கடலில் இறக்கியது. அதற்கு முந்தைய போர்க்கப்பல்களில் பெரிய பீரங்கிகள் பொதுவாக நான்கே இருக்கும். மற்றவை பல அளவுகளில் இருக்கும். தொலைவிலிருந்து சுடும்போது, தண்ணீரில் எழும் தெறிப்பு எந்தப் பீரங்கியின் குண்டால் எழுந்தது என்று கண்டுபிடிப்பது கடினம். குறியைத் திருத்தவும் முடியாது. 'டிரெட்நாட்' ஒரே அளவில், 12 அங்குலத்தில், பத்துப் பீரங்கிகளை ஏந்தியது. ஒன்றாகச் சுட்டு, தெறிப்பைப் பார்த்து, அடுத்த சுற்றைத் திருத்திக்கொள்ளலாம். பழைய நீராவி எந்திரத்துக்குப் பதிலாகச் சுழலி எந்திரம் பொருத்தியதால், மணிக்கு 21 கடல் மைல் வேகத்தில் ஓடியது.

அது வந்ததும் உலகின் மற்றப் போர்க்கப்பல்கள் எல்லாம் பழசாகிவிட்டன. பிரிட்டனிடமே இருந்த பெரிய கப்பற்படையும் அதில் அடக்கம். எல்லாரும் மறுபடி முதல் படியிலிருந்து ஓட வேண்டியிருந்தது. ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் மட்டுமல்ல, பிரேசில்கூட இந்தப் போட்டியில் இறங்கியது. ஒரு நாட்டின் மதிப்பையே அதன் போர்க்கப்பல்களை எண்ணி அளந்த காலம் அது.

மலாயாவின் பணத்தில் ஒரு கப்பல்

இந்தப் போட்டிக்குப் பணம் வேண்டும். அது எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பார்க்கும்போதுதான் கதை நம் பக்கம் திரும்புகிறது.

பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த மலாய்க் கூட்டரசு, 1912ல் பிரிட்டனுக்கு ஒரு போர்க்கப்பலைப் பரிசளிக்க முன்வந்தது. செலவு ஏறத்தாழ 30 லட்சம் பவுண்டு. கப்பலின் பெயர் 'மலாயா'. 15 அங்குலப் பீரங்கிகள் எட்டு. அன்று உலகில் மிதந்த மிக வலிமையான கப்பல்களில் ஒன்று.

கூட்டரசின் வருமானம், ஈயத்தையும் ரப்பரையும் சுற்றி வளர்ந்த பொருளாதாரத்திலிருந்து வந்தது. ஈயச் சுரங்கங்களில் பெரும்பாலும் சீனர்கள். ரப்பர்த் தோட்டங்களில் பெரும்பாலும் தமிழர்கள். ஒப்பந்தக் கூலி முறையில் இந்தியாவிலிருந்து ஆள் எடுப்பது 1910ல்தான் முடிவுக்கு வந்தது. அதன் பிறகும் கங்காணிகள் மூலம் கிராமம் கிராமமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய அவர்களிடம், இப்படியொரு கப்பல் வேண்டுமா என்று யாரும் கேட்டிருக்கப்போவதில்லை.

1916 மே 31ஆம் தேதி, வட கடலில் ஜட்லாந்துப் போர். பிரிட்டனும் ஜெர்மனியும் சேர்த்து ஏறத்தாழ 250 கப்பல்கள். கடற்படையில் சேர்ந்து நான்கே மாதமான 'மலாயா', அன்று பீட்டியின் தலைமையில் சென்ற பிரிவில் இருந்தது. கூட்டரசின் நான்கு வண்ணக் கொடியைப் பறக்கவிட்டுப் போரிட்டது. எட்டுக் குண்டுகள் அதைத் தாக்கின. 60க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். அந்தப் போரில் பிரிட்டன் 14 கப்பல்களையும் 6,000க்கும் மேற்பட்டோரையும் இழந்தது. ஜெர்மனி 11 கப்பல்களையும் 2,500க்கும் மேற்பட்டோரையும் இழந்தது. யார் வென்றார்கள் என்று இன்றும் வாதம் நடக்கிறது.

தமிழர்களுக்கு அந்தப் போரில் நன்றாக நினைவிருக்கும் கப்பல் 'எம்டன்'. அது பெரிய போர்க்கப்பல் அல்ல, வேகமாக ஓடும் சிறிய ரகம். 1914 செப்டம்பர் 22ஆம் தேதி இரவு அது சென்னையைத் தாக்கி எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது. 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். 'எம்டன்' பிரிந்து வந்த ஜெர்மானியக் கப்பல் கூட்டத்தை, அதே ஆண்டு டிசம்பரில் ஃபால்க்லாந்துத் தீவுகள் அருகே அழித்தவர்தான் ஸ்டர்டி சாலையின் ஸ்டர்டி.

மாடு இல்லாத தொழுவம்

போர் முடிந்ததும் ஜெல்லிக்கோ கப்பலேறிப் பேரரசின் நாடுகளுக்குச் சென்றார். இனி ஜப்பான்தான் போட்டியாளர், கிழக்கே ஒரு வலுவான கடற்படை வேண்டும் என்று அறிக்கை தந்தார். 1921ல் சிங்கப்பூரில் தளம் கட்ட பிரிட்டிஷ் அமைச்சரவை முடிவெடுத்தது. அப்போது கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்து அந்தத் திட்டத்துக்காக வாதாடியவர் பீட்டி. இவர்கள் வெறும் தெருப்பெயர்கள் அல்லர் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இந்தத் தீவின் தலையெழுத்தைப் போர்க்கப்பல்களோடு முடிச்சுப் போட்டவர்களில் இருவர் இவர்கள்.

செம்பவாங்கில் சதுப்பு நிலத்தை நிரப்பி, ஆற்றின் போக்கை மாற்றி, பல ஆண்டுகள் வேலை நடந்தது. 1938 பிப்ரவரி 14ஆம் தேதி, ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயரிலான கப்பல்துறை திறக்கப்பட்டது. நீளம் 1,000 அடி. தளத்துக்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 6 கோடி பவுண்டு. சாங்கியில் 15 அங்குலப் பீரங்கிகள் மூன்று நிறுவப்பட்டன. 'மலாயா' கப்பலில் இருந்த அதே அளவு.

மண் சுமந்தவர்களில் தாத்தாவின் அப்பாவும் ஒருவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். தாத்தா இன்றும் அந்த இடத்தை 'நேவல் பேஸ்' என்றுதான் சொல்வார். தமிழர்களும் மலையாளிகளும் அங்கே நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். இன்று ஈசூனில் இருக்கும் புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம், 1960களில் செம்பவாங் வட்டாரத்தில் அத்தகைய தொழிலாளர்களின் வழிபாட்டிடமாகத் தொடங்கியதுதான்.

ஆனால் அத்தனை பெரிய தளத்தில் நிரந்தரமாக நிற்கப் பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூட இல்லை. ஆபத்து வந்தால் ஐரோப்பாவிலிருந்து கப்பற்படை வரும் என்பதே திட்டம். அது வந்து சேர 42 நாள் ஆகும் என்று முதலில் கணக்கிட்டார்கள். 1939ல் ஐரோப்பாவில் போர் தொடங்கியபோது அந்தக் கணக்கு 180 நாளாக நீண்டிருந்தது. தொழுவம் தயார். மாடு மட்டும் ஆறு மாதத் தொலைவில்.

டிசம்பர் 10, 1941

கடைசியில் இரண்டு கப்பல்கள் வந்தன. 1941 டிசம்பர் 2ஆம் தேதி, 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' இரண்டும் செம்பவாங்கை அடைந்தன. முதலாவது புத்தம் புதியது. இரண்டாவது ஜட்லாந்துப் போர் நடந்த அதே 1916ல் கடற்படையில் சேர்ந்தது. உடன் வரவேண்டிய விமானந்தாங்கிக் கப்பல் ஜமைக்கா அருகே தரைதட்டிவிட்டது.

தாத்தாவின் அப்பா அவற்றைக் கரையிலிருந்து பார்த்திருக்கிறார். "மல மாதிரி நின்னுச்சாம். இனிமே ஒரு பய கிட்ட வர மாட்டான்னு நெனச்சாங்களாம்," என்றார் தாத்தா.

ஜப்பானியப் படைகள் மலாயாவில் தரையிறங்கிய டிசம்பர் 8ஆம் தேதி மாலை, நான்கு சிறு போர்க்கப்பல்கள் துணைவர இரண்டும் வடக்கு நோக்கிப் புறப்பட்டன. 10ஆம் தேதி காலை, குவாந்தான் கடலுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அவற்றைக் கண்டுபிடித்தன. சைகோன் வட்டாரத்திலிருந்து பறந்து வந்த 80க்கும் மேற்பட்ட விமானங்கள், குண்டுகளும் டார்பிடோக்களும் வீசின. நண்பகல் தாண்டி 'ரிப்பல்ஸ்' மூழ்கியது. ஒரு மணி நேரத்துக்குள் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' பின்தொடர்ந்தது. செம்பவாங்கிலிருந்து பறந்த போர் விமானங்கள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. 840 பேர் மாண்டனர். துணைக் கப்பல்கள் 2,000க்கும் மேற்பட்டோரைத் தூக்கிக் காப்பாற்றின.

நடுக்கடலில் எதிர்த்துப் போரிடும் பெரிய போர்க்கப்பல்களை விமானங்கள் மட்டுமே மூழ்கடிக்க முடியும் என்பது உலகில் முதன்முறையாக அன்று நிரூபணமானது. 'டிரெட்நாட்' மற்றக் கப்பல்களுக்குச் செய்ததை, விமானம் போர்க்கப்பலுக்கே செய்தது. அந்தக் கப்பல்களை நம்பியிருந்த தீவு, இரண்டே மாதத்தில், 1942 பிப்ரவரி 15ஆம் தேதி, சரணடைந்தது.

தேர்வில் 'சிங்கப்பூர் ஏன் வீழ்ந்தது?' என்ற கேள்விக்கு 'போதிய விமானப் பாதுகாப்பு இல்லை' என்று ஒரு வரி எழுதி அடுத்த காரணத்துக்குப் போயிருக்கிறேன். அந்த வரிக்குப் பின்னால் நடந்ததை நினைக்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம்-பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை. கப்பலுக்குப் பணம் வந்த அதே தோட்டங்கள். கப்பல்கள் தோற்றபோது உயிர்களும் அங்கிருந்தே போயின.

பெயர்ப் பலகைகளுக்கு அப்பால்

'மலாயா' இரண்டாம் உலகப் போரிலும் போரிட்டுத் தப்பியது. 1948ல் அதைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். குவாந்தான் கடலடியில் கிடக்கும் இரண்டு கப்பல்களுக்கும் அமைதி இல்லை. அங்கிருந்து இரும்பைத் திருடிய சந்தேகத்தில் 2023ல் மலேசிய அதிகாரிகள் ஒரு கப்பலைத் தடுத்து வைத்தார்கள்.

செம்பவாங் தளத்தின் கப்பல்துறையை 1968ல் பிரிட்டன் நம் அரசாங்கத்திடம் ஒப்படைத்தது. அது கப்பல் பட்டறையானது. தாத்தா அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய அப்பா மண் கொட்டிய இடத்தில் அவர் இரும்பை ஒட்டவைத்தார். அந்தச் சம்பளத்தில்தான் என் அம்மா படித்தார்.

இப்போது பட்டறையும் அங்கிருந்து இடம்பெயரவிருக்கிறது. அந்தக் கடற்கரையைப் புதுப்பொலிவாக்கும் திட்டத்தைப் பிரதமர் லாரன்ஸ் வோங் 2025 தேசிய தினப் பேரணி உரையில் அறிவித்தார். புதிய பாதைகள் வரும். புதிய பாதைகளுக்குப் பெயர்களும் வேண்டும்.

ஜெல்லிக்கோ, பீட்டி, ஸ்டர்டி பெயர்களை மாற்றச் சொல்லவில்லை. அவை இல்லாவிட்டால் இந்தக் கதை எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனால் போர்க்கப்பல் காலத்தின் செலவை ஏற்றவர்களுக்கு, மண் சுமந்தவர்களுக்கும் பால்மரம் வெட்டியவர்களுக்கும், அங்கே ஒரு பலகையாவது இருக்கலாம். உங்கள் வீட்டிலும் 'நேவல் பேஸ்' என்று சொல்லும் தாத்தாவோ பாட்டியோ இருந்தால், இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள். கேட்டதைப் பதிவு செய்து வையுங்கள்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்ததும் தாத்தாவிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்:

"எங்கப்பா பேரப் போடலியே?"

போடவில்லை. அது எந்தத் தெருவிலும் இல்லை. அடுத்த ஞாயிறு அவருடன் செம்பவாங் பூங்காவுக்குப் போகிறேன். இந்த முறை குறிப்பேட்டில் முதல் வரியாக அந்தப் பெயரைத்தான் எழுதப்போகிறேன்.