தடித்த எழுத்து

திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் இடையே கொடைக்கானல் ரோடு என்னும் புகைவண்டி நிலையம் உள்ளது. பழனி மலைமேல் உள்ள கொடைக்கானலுக்குச் செல்வோர் அங்கே இறங்குவர். மஞ்சள் நிறப் பலகையில் கரிய, பருத்த எழுத்துகளில் நிலையத்தின் பெயர் தீட்டப்பட்டிருக்கும். இரவில் உறக்கம் கலைந்து சாளரத்தின் வழியே நோக்கும் பயணி, வண்டி நகரும்போதே அதனைப் படித்தாக வேண்டும். தவறினால், அவர் மதுரையில் இறங்க நேரிடும்!

கையில் ஏந்திப் படிக்கும் நூலில் எழுத்துத் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பொருளைக் காட்டுதல் வேண்டும். பலகையிலோ, எழுத்தே முதலில் கண்ணை ஈர்த்தல் வேண்டும்.

அச்சுத்தொழிலில் இத்தகைய தடித்த எழுத்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் பரவியது. ஆலைகளில் பெருகிய பண்டங்களை விற்கச் சுவரொட்டிகள் தேவைப்பட்டன. இலண்டனில் எழுத்து வார்ப்போர் உரோமன் எழுத்தின் நிமிர்ந்த கோடுகளை மிகப் பருமனாக்கினர். மெல்லிய கோடுகளை மயிரிழைபோலவே விட்டுவிட்டனர். அருகில் நோக்க அவை அழகியவையே. தொலைவிலோ மயிரிழைகள் மறைந்துவிடும். எஞ்சுவன சில கரிய தூண்களே.

அமெரிக்கச் சமயத் தொண்டர்கள் கொடைக்கானலில் முதல் இரு வீடுகளை எழுப்பியது 1845-ஆம் ஆண்டில். அதே ஆண்டில், இலண்டனில் ராபர்ட் பெஸ்லி என்பவர் பங்காளியாக இருந்த வார்ப்பகம் ‘கிளாரண்டன்’ என்னும் எழுத்தை வெளியிட்டது. இரண்டிற்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆண்டை நினைவில் கொள்ள உதவும், அவ்வளவே. உரோமன் எழுத்துக் கோடுகளின் முனைகளில் சிறு பாதங்கள் போன்ற அமைப்பு உண்டு; அதனைச் ‘செரிஃப்’ என்பர். கிளாரண்டனில் அப்பாதங்கள் தடித்து, கோட்டோடு வளைந்து இணைந்தன. மெல்லிய கோடுகளும் ஓரளவு பருமன் பெற்றன. ஆதலின் தொலைவிலும் உருச் சிதையவில்லை. அகராதிகளில் சொல்லையும் அதன் பொருளையும் வேறுபடுத்திக் காட்டவும் இவ்வெழுத்துப் பயன்பட்டது. மூன்றாண்டுக் காப்புரிமை முடிந்ததும் பிற வார்ப்பகத்தார் அதனைப் படியெடுத்தனர். அதன் சிறப்புக்கு வேறு சான்று வேண்டுவதில்லை. அமெரிக்க நாட்டுப் பூங்காக்களின் சாலைப் பலகைகளிலும் அது நெடுங்காலம் விளங்கியது.

தமிழெழுத்திற்குப் பாதங்கள் இல்லை; வளைவுகளும் சுழிகளும் உண்டு. ஆதலின் அதனைத் தடிப்பாக்குவது எளிதன்று. ‘ட’, ‘ப’ ஆகியவை எவ்வளவு பருத்தாலும் தாங்கும். ‘ண’, ‘ஞ’, ‘இ’ முதலியன அத்தகையன அல்ல. கோடு பருக்கப் பருக்கச் சுழியினுள் இருக்கும் வெண்மை குறுகும், இறுதியில் அடைபடும். அடைபட்டால் ‘ண’ எது, ‘ன’ எது என்று தெரியாது. ‘மணம்’ ‘மனம்’ ஆகிவிடும். மெய்யெழுத்தின் புள்ளி எழுத்தோடு ஒட்டிக்கொண்டாலும் இடரே. எனவே கைதேர்ந்த ஓவியர், நிமிர்ந்த கோடுகளைப் பருமனாக்கி, சுழி திரும்பும் இடத்தில் தூரிகையைச் சற்றே மெலியவிடுவர்.

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் சாலையில் மூடுபனி இறங்குவதுண்டு. அப்போது எச்சரிக்கைப் பலகை ஓட்டுநரின் கண்ணில் படுவது திருப்பத்திற்குச் சற்று முன்னரேதான். எதிரே பயணிகள் நிறைந்த பேருந்து வந்துகொண்டிருக்கலாம். ‘வளைவு’ என்னும் அச்சொல் ஒரே நோக்கில் விளங்க வேண்டுமானால், எழுத்து தடித்திருந்தால் மட்டும் போதாது. ‘ளை’யின் சுழிகள் அனைத்தும் திறந்திருத்தல் வேண்டும்.