சொட்டும் குழாயை அடைக்கலாமா?



சென்ற மாத நிகழ்ச்சியில் நேயர் ஒருவர் தொலைபேசியில் வந்து கேட்டார்: "அண்ணை, வீட்டுக்கு வெளியிலை நிற்கிற சுடுதண்ணித் தாங்கியிலை ஒரு செப்புக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்குது. சுவரெல்லாம் ஈரம். ஒரு மூடியைப் போட்டு அடைச்சுவிடவோ?"

"தயவுசெய்து அடைச்சுப்போடாதையுங்கோ" என்றேன். நேரம் போதாமல் அன்று விட்ட விளக்கத்தை இங்கே தருகிறேன். நான் கணக்காளன், பிளம்பர் அல்லன். சிட்னியில் எங்கள் வீட்டுத் தாங்கியை மாற்ற வந்தவரைத் துளைத்துத் துளைத்துக் கேட்டு அறிந்தவை இவை.

தண்ணீர் சூடானால் பெருக்கும். 250 லீற்றர் தண்ணீரை 15 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் ஏறத்தாழ 4 லீற்றர் கூடிவிடும். தாங்கி இரும்பு, அது விரியாது. தண்ணீர் வந்த வழியே திரும்பவும் முடியாது. குளிர்நீர்க் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறது. கணக்கில் வரவு கூடினால் எங்காவது செலவு காட்டத்தானே வேண்டும்? அந்தச் செலவுதான் இந்தச் சொட்டு. தாங்கியின் மேற்பகுதியிலுள்ள பாதுகாப்பு வால்வு அழுத்தம் மிஞ்சினாலும் திறக்கும், வெப்பம் மிஞ்சினாலும் திறக்கும்.

அதை அடைத்துவிட்டு, தேமோஸ்ரற்றும் பழுதானால்? அழுத்தத்தில் அடைபட்ட தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். தாங்கி வெடித்த கணத்தில் அதில் ஒரு பகுதி ஆவியாகும். ஒரு லீற்றர் தண்ணீர் 1600 லீற்றருக்கு மேற்பட்ட ஆவியாகக்கூடியது. சுவர் தாங்குமா?

ஆகவே அந்தக் குழாயில் மூடியோ, திறந்து பூட்டும் வால்வோ இருக்கக்கூடாது. அது கீழ்நோக்கிச் சரிந்து, கண்ணில் படும் இடத்தில், ஆள்மேல் படாமல் முடியவேண்டும். சூடேறும்போது சொட்டுவது வழமை. நிற்காமல் ஓடினால் பிளம்பரைக் கூப்பிடுங்கள். கொதிநீரோ ஆவியோ வந்தால் முதலில் மின்சாரத்தை, அல்லது காஸை, நிறுத்துங்கள்.

இன்னொன்று. லீஜியோனெல்லா கிருமி வளராதிருக்கத் தாங்கியில் தண்ணீர் 60 பாகையில் இருக்கவேண்டும். ஆனால் 60 பாகைத் தண்ணீர் ஒரு குழந்தையின் தோலை ஒரே விநாடியில் சுட்டுவிடும். அதனால்தான் குளியலறைக்குப் போகும் குழாயில், குளிர்நீரைக் கலந்து 50 பாகைக்குக் குறைக்கும் ரெம்பரிங் வால்வைப் பூட்டுகிறார்கள். செலவை மிச்சம்பிடிக்க அதை விட்டுவிடாதீர்கள்.

இணைக்கும் வேலை உரிமம் பெற்ற பிளம்பருடையது. வயர் வேலை உரிமம் பெற்ற மின்வேலைகாரருடையது. வேலை முடிந்ததும் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

உங்கள் பங்கு ஒன்றுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிள்ளைகளைத் தள்ளி நிற்கவிட்டு, பாதுகாப்பு வால்வின் பிடியை மெதுவாக உயர்த்திச் சில விநாடிகள் தண்ணீரை ஓடவிட்டு, மெதுவாக இறக்குங்கள். தண்ணீர் வராவிட்டாலும், பிறகு நிற்காவிட்டாலும் வால்வை மாற்றவேண்டும். ஏப்ரலிலும் ஒக்ரோபரிலும் மணிக்கூட்டை மாற்றுகிறோமே, அன்றைக்கே இதையும் செய்தால் மறக்காது.

தொலைபேசியில் வந்த தம்பி மூடி போடவில்லை. அது போதும் எனக்கு.