இரண்டு பேரேடுகளுக்கு ஒரே உறுதி

தரவுத்தளத்தோடு உறவாடும் நிரல்களில் டாட்நெட்டின் 'என்டர்பிரைஸ் சர்வீஸஸ்' எனப்படும் பரிவர்த்தனைச் சேவையை எப்போது கைக்கொள்வது என்று குன்னூர் அன்பர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். பரிவர்த்தனையின் இலக்கணம் அவருக்குத் தெரியாததல்ல; ஆகவே அவர் ஊர் ரயில் நிலையத்திலிருந்தே தொடங்குகிறேன். டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்னும் ஐந்து முன்பதிவு மையங்களும் 'கன்சர்ட்' அமைப்பினால் 1999-இல் இணைக்கப்பட்டபின், குன்னூரில் நின்றபடி ஒருவர் டில்லியில் புறப்படும் வண்டிக்குச் சீட்டு வாங்கினால், இருக்கை ஒரு மையத்தின் கணக்கிலும் பணம் வேறொரு மையத்தின் கணக்கிலும் ஏறவேண்டும்; ஒன்று ஏறி மற்றொன்று விடுபட்டால் வழக்குத்தான். அதைத் தவிர்க்கவே 'ரிலையபிள் டிரான்ஸாக்‌ஷன் ரவுட்டர்' என்ற இடைநிலை மென்பொருள் அங்கே அமர்த்தப்பட்டது.

இவ்வகைச் சேவைகள் பெரும்பாலும் நம்பியிருப்பது, ஜிம் கிரே 1978-இல் விவரித்த இரண்டு கட்ட உறுதி முறையை. அது எங்கள் மாமாவின் வழக்கத்தைப் போன்றது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு நாள் குறித்ததும், மாமா முதலில் மண்டபக்காரர், சமையற்காரர், நாதஸ்வர வித்வான் ஆகிய எல்லோரிடமும் "அந்தத் தேதி நமக்குத்தானே?" என்று சம்மதம் வாங்குவார்; ஒருவர் மறுத்தாலும் எல்லோரையும் விடுவிப்பார்; அனைவரும் இசைந்த பிறகே முன்பணம் கொடுப்பார். எனக்கு மிகவும் பிடித்த விசித்திரம் சம்மதத்துக்கும் முன்பணத்துக்கும் நடுவே இருக்கிறது. சம்மதம் சொன்ன பிறகு, பர்லியார் அருகே மண் சரிந்து மாமாவிடமிருந்து தகவலே வராமற்போனால், மண்டபக்காரர் அந்தத் தேதியைப் பிறருக்குக் கொடுக்கவும் முடியாது, நமக்கென்று எழுதிவிடவும் முடியாது. தரவுத்தளமும் அப்படியே, தயார் என்று சொல்லிவிட்டால், மாமாவின் இடத்திலிருக்கும் ஒருங்கிணைப்பாளரின் தீர்ப்பு வரும்வரை பூட்டுகளைப் பிடித்துக்கொண்டு சந்தேக நிலையில் நிற்கும். அந்த வரிசைகளைத் தொட வருகிற மற்றவர்களும் காத்து நிற்பார்கள்.

இரண்டு தரவுத்தளங்களை, அல்லது ஒரு தரவுத்தளத்தையும் ஒரு செய்தி வரிசையையும், சேர்ந்தாற்போல் திருத்தவேண்டிய இடத்தில்தான் இந்தச் சுமை நியாயமாகிறது. ஒரே தரவுத்தளத்தின் இரண்டு அட்டவணைகளைத் திருத்த இதை வரவழைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வகுப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதினால் போதும் என்ற சௌகரியம் அவர்களை மயக்கிவிடுகிறது. இச்சேவைக்கு அடிப்படையாக விண்டோஸ் 2000-இல் வந்த காம் பிளஸ் மிகக் கடுமையான தனிமைப்படுத்தலையே பின்பற்றியது என்பதையும், அதனால் பூட்டுகள் பெருகி வேகம் குன்றும் என்பதையும் அவர்கள் கவனிப்பதில்லை. ஒரே தரவுத்தளம் என்றால் அதன் சொந்தப் பரிவர்த்தனையே போதுமானது.

2005-இல் வெளிவந்த டாட்நெட் 2.0-வின் 'டிரான்ஸாக்‌ஷன் ஸ்கோப்', அவ்வாண்டின் எஸ்கியூஎல் சர்வருடன் சேர்ந்தால், முதலில் இலேசான பரிவர்த்தனையாகத் தொடங்கி, இரண்டாவது இணைப்பு வந்து சேரும்போதுதான் ஒருங்கிணைப்பாளரை அழைக்கிறது. அன்பர் அதிலிருந்து தொடங்கலாம்.