எப்போதாவது ஓடும் பழைய கார்

சந்தாபுராவில் வாழும் தமிழன்பர் ஒருவர், தம் தந்தையார் 1960களில் சென்னையில் வாங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரைப் பேணி வருகிறார் என்று கொள்வோம். பொங்கலுக்கு ஓசூர் வழியாகச் சொந்த ஊர் செல்வார். ஏனைய நாட்களில் கார் கொட்டகையில் நிற்கும். நாள்தோறும் ஓடும் காரைப் போலவே இதற்கும் பிரீமியம் கட்ட வேண்டுமா?

மோட்டார் இன்ஷூரன்ஸில் இரு பகுதிகள் உண்டு. முதலாவது, நம் காரால் பிறருக்கு நேரும் தீங்கிற்கானது. 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரே ஒரு நாள் சாலைக்கு வந்தாலும் இது கட்டாயம். ஓடும் தூரத்தால் குறையாது. ஐம்பது ஆண்டு கடந்து 'விண்டேஜ்' எனப் பதிவான காருக்கு மட்டும் 2022ஆம் ஆண்டு விதிகள் பாதிச் சலுகை அளித்தன. ஆனால் அவ்வாறு பதிந்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு போன்றவற்றிற்கே ஓட்டலாம். பொங்கல் பயணம் கைவிட்டுப் போகும்!

இரண்டாவது, நம் காருக்கு நேரும் சேதம், தீ, திருட்டு ஆகியவற்றிற்கானது. ஓடும் தூரத்திற்கேற்ப இதன் பிரீமியத்தைக் குறைக்கும் முறைக்கு, இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில் இசைவளித்தது. ஆண்டிற்கு இத்தனை கிலோமீட்டர் என முன்னரே உறுதி கூற வேண்டும். அளவு மீறினால் இழப்பீடு குறையலாம், மறுக்கப்படவும் கூடும். ஆகவே தூரங்காட்டும் மீட்டரைப் பழுது நீக்கி வைத்தல் முதற்கடமை.

ஐந்தாண்டு கடந்த காரின் மதிப்பை நிறுவனமும் உரியவரும் பேசியே முடிவு செய்வர். புகைப்படங்களுடன் அம்மதிப்பைப் பாலிசியில் எழுதி வாங்குக. பிரீமியத்தில் மிச்சமாகும் சிறு தொகையைவிட அதுவே பெரிது.