மஞ்சள் கரு யாருக்கு ஆகாது?

பெங்களூரு ஐடி கம்பெனிகள் பலவற்றில் ஊழியர்களுக்கு ஆண்டுக்கொரு முறை முழு உடல் பரிசோதனை உண்டு. அந்த அறிக்கையில் கொலஸ்ட்ரால் அளவு தடித்த எழுத்தில் வந்துவிட்டால், வீட்டில் முதல் தண்டனை முட்டைக்குத்தான். "மஞ்சள் கருவை எடுத்துட்டுப் போடு" என்று அன்றைக்கே உத்தரவாகிவிடும். சாயங்காலத் தள்ளுவண்டி எக் ரைஸும் நின்றுவிடும். வெண்ணெய் சொட்டும் பெண்ணெ தோசைக்கு மட்டும் யாரும் தடை போடுவதில்லை.

ஒரு பெரிய முட்டையில் சுமார் 185 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் இருக்கிறது. அவ்வளவும் மஞ்சள் கருவில்தான். ஆனால் நம் ரத்தத்தில் ஓடும் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்து வருவதல்ல, உடலே தயாரித்துக்கொள்வது. வெளியிலிருந்து அதிகம் வந்தால் பெரும்பாலானோரின் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். தினசரி உணவில் 100 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் கூடினால், ரத்தத்தின் மொத்த கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராம் போலத்தான் ஏறுகிறது என்பது பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. அப்படியானால் தினம் ஒரு முட்டைக்கு 4 மில்லிகிராம். நெய், வெண்ணெய், தேங்காய் எண்ணெய், பாமாயில் ஆகியவற்றின் நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல்லை இதைவிட நன்றாகவே ஏற்றும்.

இந்த 4 என்பது சராசரி. நீங்களும் நானும் சராசரியாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

இதற்கு மருத்துவ உலகம் அடிக்கடி காட்டும் சாட்சி ஓர் அமெரிக்கத் தாத்தா. கொலராடோ பல்கலைக்கழக மருத்துவர் ஃப்ரெட் கெர்ன் 1991-இல் எழுதிய கட்டுரையில் வருகிறார். வயது 88. பல வருடங்களாக நாளொன்றுக்கு இருபத்தைந்து முட்டை அவித்துச் சாப்பிட்டவர். மொத்த கொலஸ்ட்ரால் 200, அவ்வளவுதான். சோதித்துப் பார்த்ததில், உணவில் வந்த கொலஸ்ட்ராலில் 18 சதவீதத்தை மட்டுமே அவர் குடல் உறிஞ்சியிருந்தது. உறிஞ்சியதையும் கல்லீரல் பித்த அமிலமாக மாற்றிக் கழித்துக்கொண்டிருந்தது, மற்றவர்களைப் போல இரண்டு மடங்கு வேகத்தில். இதைப் படித்துவிட்டு யாரும் தட்டு தட்டாக முட்டை அவிக்க வேண்டாம். தாத்தாவின் குடல் நமக்கு வாய்த்திருக்கிறதா என்பதுதானே கேள்வி?

உறிஞ்சும் அளவு ஆளுக்கு ஆள் அப்படி மாறுகிறது. சராசரியாகப் பாதி என்றாலும், ஆரோக்கியமானவர்களிடையே 30 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் வரை போகிறது. இதில் மரபணுக்களுக்குப் பெரிய பங்கு. சிறுகுடலின் சுவரை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்பிசி1எல்1 என்ற மரபணு தரும் புரதம் கொலஸ்ட்ராலை உள்ளே விடும் காவலாளி. ஏபிசிஜி5, ஏபிசிஜி8 இரண்டும் உள்ளே வந்ததைத் திரும்ப வெளியே தள்ளுபவை. முதல் காவலாளி சுறுசுறுப்பாகவும் பின்னவை இரண்டும் மந்தமாகவும் அமைந்துவிட்டால், அதே இரண்டு முட்டை அண்ணனுக்கு ஏற்றாததைத் தம்பிக்கு ஏற்றிவிடும். எசிட்டிமைப் மாத்திரை செய்வது இந்த முதல் காவலாளியைத் தடுப்பதுதான். பிறவியிலேயே இந்த மரபணுவின் ஒரு பிரதி செயலிழந்தவர்களுக்கு எல்டிஎல் சுமார் 12 மில்லிகிராம் குறைவாகவும், இதய நோய் அபாயம் ஏறக்குறைய பாதியாகவும் இருந்ததை 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது.

அபோ-ஈ என்ற இன்னொரு மரபணுவைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதில் 2, 3, 4 என மூன்று வகை. நான்காம் வகை உள்ளவர்களுக்கு எல்டிஎல் சற்று உயர்ந்தே இருக்கும், உணவுக் கொலஸ்ட்ராலுக்கும் கூடுதலாக ஏறலாம் என்பார்கள். ஆனால் பின்லாந்தின் குவோப்பியோவில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்களை இருபது வருடத்துக்கு மேல் கவனித்தபோது, நான்காம் வகைக்காரர்களிடம்கூட முட்டைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. தனி ஒரு மரபணுவை வைத்து ஜோசியம் சொல்ல முடியாது என்பதே என் முடிவு. இந்திய அறிவியல் கழக வளாகத்திலுள்ள மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த ஜீனோம் இந்தியா திட்டம், 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நம் மக்களுக்கான பதில்கள் இனி அதிலிருந்து வரக்கூடும்.

அதுவரை மலிவான வழி ஒன்று உண்டு. நாலு வாரம் முட்டை இல்லாமல் இருந்து லிப்பிட் பரிசோதனை, பிறகு நாலு வாரம் வழக்கம்போல முட்டை சாப்பிட்டு இன்னொன்று. லேப் மாறக்கூடாது, எண்ணெய், எடை, மாத்திரை எதுவும் மாறக்கூடாது. ஒரே தடவை பார்த்து முடிவு கட்டவும் கூடாது. நெதர்லாந்தில் மார்ட்டின் கட்டான் குழு 1980-களில் ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பச் சோதித்தபோது, ஒரு தடவை எகிறியவர்களில் பலருக்கு அடுத்த தடவை அப்படி ஏறவில்லை. எப்போதும் ஏறுபவர்கள் இருந்தார்கள், ஆனால் குறைவு. சர்க்கரை நோயோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தச் சோதனையில் இறங்க வேண்டாம்.

முட்டை ஒரு பொருட்டே இல்லாத மரபணுக் கோளாறும் இருக்கிறது. ரத்தத்திலுள்ள எல்டிஎல்லைப் பிடித்துக் கல்லீரலுக்குள் இழுக்கும் ஏற்பியைக் கண்டறிந்ததற்காகத்தான் பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்த ஏற்பி பழுதாகப் பிறப்பவர்கள் உலகில் 250 பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எல்டிஎல் 190-ஐத் தாண்டுவது சகஜம், சைவமே சாப்பிட்டாலும். பெங்களூரு ஜெயதேவா மருத்துவமனை 40 வயதுக்குட்பட்ட இதய நோயாளிகளுக்கென்றே தனிப் பதிவேடு வைத்திருக்கும் ஊரில் இருக்கிறோம். உங்கள் அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால், மஞ்சள் கரு விவாதத்தைத் தள்ளிவைத்துவிட்டு, உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் இந்த மாதமே லிப்பிட் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள்.