ஒரு வீடு நான்கு குடித்தனம் ஆனால்

பெங்களூர் அல்சூரில் ஒரு பழைய வீடு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாத்தா கட்டிய வீடு. அவர் காலத்தில் எட்டு பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு ரேடியோ. அவ்வளவுதான். 2 கிலோவாட் இணைப்பு தாராளமாகப் போதும். இப்போது மாடி எடுத்து, வீட்டை நான்கு குடித்தனமாகப் பிரித்துவிட்டார்கள். மீட்டர் மட்டும் அதே ஒன்றுதான்.

காலை ஏழு மணி. கீழ் வீட்டில் கீசர் போடுகிறார்கள். மாடியில் இஸ்திரி போடுகிறார்கள். பக்கத்தில் மிக்ஸி ஓடுகிறது. 'பட்' என்று ஒரு சத்தம். நான்கு வீட்டிலும் மின்சாரம் போய்விடுகிறது.

"ஏம்ப்பா, தினமும் ஃபியூஸ் போகுதே. கொஞ்சம் தடிச்ச கம்பியாப் போட்டு விடேன்" என்கிறார் வீட்டுக்கார அம்மா.

"வேணாம்மா. ஃபியூஸ் போறது நல்லதுக்குத்தான். அது போகலைன்னா சுவருக்குள்ள இருக்கிற ஒயர் எரியும்" என்கிறார் எலக்ட்ரீசியன்.

அவர் சொல்வது சரி. ஒயர் தாங்கும் அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் ஒயர் சூடாகும். மேலே உள்ள உறை உருகும். தீப்பிடிக்கும். அதற்கு முன்பே அறுந்து நம்மைக் காப்பதுதான் ஃபியூஸின் வேலை. தடித்த கம்பி போட்டால் காவல்காரனைத் தூங்க வைத்தது போல ஆகும்.

அப்படியானால் நான்கு குடித்தனத்துக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்? கூட்டல் தெரிந்தால் போதும். ஒவ்வொரு சாமான் மேலும் 'வாட்' எவ்வளவு என்று எழுதியிருக்கும். ஒரு குடித்தனத்தைப் பார்ப்போம். ஆறு பல்புக்கு 60 வாட். நான்கு மின்விசிறிக்கு 300. டி.வி.க்கு 100. ஃப்ரிட்ஜுக்கு 200. மிக்ஸிக்கு 500. துணி துவைக்கும் இயந்திரத்துக்கு 500. இஸ்திரிப் பெட்டிக்கு 1,000. கீசருக்கு 2,000. எல்லாம் சேர்த்து 4,660 வாட். 1,000 வாட் என்பது ஒரு கிலோவாட். ஆக, ஏறக்குறைய நாலே முக்கால் கிலோவாட். இதில் பாதிக்கு மேல் கீசரும் இஸ்திரியும்தான்! பல்புகள் ஒரு மூலைக்குக் காணாது.

நான்கு குடித்தனத்துக்கு 18,640 வாட். தண்ணீர் மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால் அதற்கு 746 வாட். மொத்தம் 19 கிலோவாட்டைத் தாண்டுகிறது.

ஆனால் எல்லாரும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் போடுவதில்லை. பரபரப்பான காலை நேரத்தைக் கணக்கிடலாம். மூன்று கீசர் 6,000. ஒரு இஸ்திரி 1,000. இரண்டு மிக்ஸி 1,000. நான்கு ஃப்ரிட்ஜ் 800. பல்பும் மின்விசிறியும் 500. மோட்டார் 746. கூட்டினால் ஏறக்குறைய 10 கிலோவாட். பெங்களூர்க் குளிரில் வெந்நீர் இல்லாமல் யார் குளிப்பார்கள்? அதனால் கீசரைக் குறைத்துக் கணக்குப் போடக் கூடாது. மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைத்தால், வெயில் உள்ள நாட்களில் இந்தச் சுமை பெரிதும் குறையும்.

ஒன்றை மறக்கக் கூடாது. இந்தச் சலுகைக் கணக்கு கட்டடம் முழுவதற்கும்தான். ஒரே குடித்தனத்துக்குள் கீசர், இஸ்திரி, மிக்ஸி மூன்றும் ஒன்றாக ஓடுவது சாதாரணம். ஆகவே அந்த வீட்டுக்குப் போகும் ஒயர் 4,660 வாட்டையும் தாங்க வேண்டும். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் வரும். அதாவது 20 ஆம்பியர்.

பத்து கிலோவாட்டை ஒரே பேஸில் எடுத்தால் 43 ஆம்பியர் ஓடும். மூன்று பேஸ் இணைப்பில் சமமாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 15 ஆம்பியர்கூட வராது. சமமாகப் பிரிப்பதுதான் முக்கியம். மூன்று கீசரும் ஒரே பேஸில் இருந்தால் மற்ற இரண்டு பேஸ் இருந்தும் பயனில்லை.

பெங்களூருக்கு மின்விளக்கு வந்தது 1905 ஆகஸ்டில். காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து மின்சாரம் வந்தது. அன்று அது தெருவிளக்குக்கு. இன்று வெந்நீர்கூட அதில்தான்.

அடுத்தது மீட்டர். ஒரே மீட்டர் என்றால் மாதா மாதம் சண்டைதான். "நாங்க ஊருக்குப் போயிருந்தோம், எங்களுக்கு ஏன் இவ்வளவு?" என்று ஒரு வீட்டார் கேட்பார்கள். அது மட்டுமல்ல. கர்நாடக அரசு 2023இல் கிருஹ ஜோதி திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் வீடுகளுக்கான திட்டம் அது. வாடகைக்கு இருப்பவர்களும் அதில் சேரலாம். நான்கு வீடும் ஒரே மீட்டரில் இருந்தால் 200 யூனிட் சீக்கிரம் தாண்டிவிடும். அப்போது நான்கு வீட்டாருக்கும் நஷ்டம்.

அனுமதி பெற்ற கிலோவாட்டுக்கு ஏற்ப மாதக் கட்டணம் உண்டு. அதனால் சிலர் குறைத்து எழுதிக் கொடுக்கிறார்கள். அளவுக்கு மேல் இழுத்தால் மீட்டர் காட்டிக் கொடுக்கும். பில் ஏறும்.

சுவர் எழுப்பும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கட்டடம் அனுமதிப்படி கட்டி முடிந்தது என்ற சான்று இருந்தால்தான் மின் இணைப்பு தர வேண்டும் என்றது. 2025இல் பெங்களூரில் பலர் வீட்டைக் கட்டி முடித்துவிட்டு, இணைப்புக்காக அலைந்தார்கள். அதன் பிறகு சிறிய வீடுகளுக்கு விதி தளர்ந்தது. தம் வீடு அதில் சேருமா என்பதைப் பெஸ்காம் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். விண்ணப்பத்தை, உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் மூலம் கொடுக்க வேண்டும். பெஸ்காமின் உதவித் தொலைபேசி எண் 1912.